புது வருஷத்துக்கு இலக்கு வைப்பது: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் மூன்றாவது வாரம் தாண்டினால் போதும், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே யாராவது இதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். கையில் புது டைரி இருக்கும். அதில் என்ன எழுதலாம், எழுதுவதே சரிதானா, போன வருஷம் எழுதியது ஏன் நடக்கவில்லை என்று பேச்சு நீளும். நான் போதகர் இல்லை. ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூடுகையிலும் இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறவன். என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். சில பதில்கள், அன்றைக்கு ஒன்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்துத் திருத்திக்கொண்டவை.

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. அப்புறம் ஒரு வருஷத்துக்குத் திட்டம் போடலாமா?

போடலாம். மத்தேயு 6:34-இல் அவர் தடுத்தது கவலையை, யோசனையை அல்ல. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுந்தொகையைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14:28-இல் கேட்டவரும் அவர்தான். விதைநெல்லைத் தனியாக எடுத்துக் கட்டி வைக்கிற விவசாயியை யாரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை.

பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலைபார்த்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டது கிஸ்லே மாதத்தில். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவில் நாலு மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் "உன் பிரயாணம் எத்தனை நாள் செல்லும்?" என்று ராஜா கேட்டதும் அவர் திணறவில்லை. காலத்தைக் குறிப்பிட்டார், வழிக்குக் கடிதம் கேட்டார், மரம் வேண்டுமென்று வனக்காவலன் பேருக்கும் ஒரு கடிதம் கேட்டார். ஜெபித்துக்கொண்டிருந்த அந்த நாலு மாதமும் கணக்கும் போட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? எருசலேமுக்குப் போனபின்பும் யாருக்கும் சொல்லாமல் ராத்திரியில் எழுந்து இடிந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

திட்டம் கவலையாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் பார்க்கிற அடையாளம் ஒன்று உண்டு. எழுதி முடித்து, ஜெபித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பாரத்தை நான் இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை.

சரி, "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று கூடவே சொல்லிக்கொண்டால் போதுமா?

வாயால் சொல்வது சுலபம். யாக்கோபு 4:13-15 பேசுவது வியாபாரிகளிடம். இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் தங்குவோம், சம்பாதிப்போம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஊர், காலம், லாபம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கர்த்தர் மட்டும் இல்லை. அவர்களுடைய ஜீவன் கொஞ்சக்காலம் தோன்றி மறைகிற புகை என்கிறார் யாக்கோபு. லூக்கா 12-இல் வருகிற ஐசுவரியவானும் அப்படித்தான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவது என்று முடிவெடுக்கும்போது அவன் தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறான், தன் ஆத்துமாவோடு பேசுகிறான். வேறு யாரோடும் பேசவில்லை.

ஆகவே "சித்தமானால்" என்பது கடைசியில் ஒட்டுகிற வால் அல்ல. ஒவ்வொரு இலக்குக்கும் நேராக, இது நடக்காமல் போனால் நான் யார்மேல் கோபப்படுவேன் என்று கேட்டுப் பாருங்கள். "கடவுள்மேல்" என்று பதில் வந்தால், அந்த இலக்கை இன்னும் நீங்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜனவரி 1-ஆம் தேதிக்கு வேதத்தில் ஏதாவது விசேஷம் உண்டா? இது உலகத்தாருடைய வழக்கம்தானே?

தேதிக்கு விசேஷம் கிடையாது. இஸ்ரவேலருக்குக் கர்த்தர் வருஷத்தின் முதல் மாதம் என்று குறித்துக் கொடுத்தது, அவர்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்ட மாதம் (யாத்திராகமம் 12:2). ஆனால் ஒரு நாளை நிறுத்திவைத்துத் தன்னைச் சோதித்துப் பார்ப்பது சபைக்குப் புதிதல்ல.

31-ஆம் தேதி ராத்திரி நாம் போகிற விழிப்பு ஆராதனை 18-ஆம் நூற்றாண்டில் மொரேவியர், மெதடிஸ்டுகள் என்ற இரண்டு சபையாரிடம் வேர்விட்டது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்துக் கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்கள், முன்பு சாராயக் கடையில் கழித்த ராத்திரிகளை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார். கூட்டத்துக்கு வந்து போகிற ஜனங்களுக்கு வழியில் நிலா வெளிச்சம் வேண்டுமே என்பதற்காக! எனக்கு அந்த அக்கறை மிகவும் பிடிக்கும்.

1755 ஆகஸ்டில் லண்டனில் அவர் நடத்திய உடன்படிக்கை ஆராதனையில் 1,800 பேர் அளவில் எழுந்து நின்றார்கள். பிற்பாடு அது வருஷத்தின் முதல் ஞாயிறோடு சேர்ந்துகொண்டது. அந்த ஆராதனையில் சொல்கிற ஜெபத்தின் சாரம் இதுதான்: நான் இனி எனக்குச் சொந்தமல்ல; வேலை கொடுத்தாலும் சரி, ஓரமாக உட்காரவைத்தாலும் சரி, நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி, நான் உம்முடையவன். "இந்த வருஷம் இதைச் சாதிப்பேன்" என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. இலக்கு எழுத உட்காரும் முன்னால் இந்த ஜெபத்தைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எழுதுவது காத்திருக்கட்டும்.

நல்ல இலக்குக்கும் வெறும் ஆசைக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் திறக்கிற இடம் லூக்கா 13:6-9. திராட்சத்தோட்டத்தில் ஒரு அத்திமரம். மூன்று வருஷமாகக் கனி இல்லை. வெட்டிப்போடு என்கிறான் சொந்தக்காரன். தோட்டக்காரன் சொல்கிறான்: "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்."

"இந்த வருஷமும் இருக்கட்டும்." புது வருஷம் என்றால் என்ன என்று இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் சம்பாதித்த வருஷம் அல்ல இது. எனக்காக ஒருவர் பரிந்து பேசி வாங்கிக் கொடுத்தது. அந்தத் தோட்டக்காரன் "இந்த வருஷம் நூறு பழம் பறிப்பேன்" என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? கொத்துவேன், எருப்போடுவேன் என்றான். தன் கையில் இருப்பதை மட்டும் சொன்னான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அதற்கு வயது ஏழெட்டு இருக்கும், ஒரு காய் கிடையாது. முள் மட்டும் நன்றாக வளர்ந்தது. வெட்டிவிட்டால் துணி காயப்போட இடமாவது கிடைக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடியில் குந்தினார். மண்வெட்டி போட்டால் மேல்வேர் அறுந்துவிடும் என்று கையகலம் கையகலமாகக் கொத்தினார். அப்போதுதான் கவனித்தார், துவைக்கிற கல்லிலிருந்து வழிகிற சோப்புத் தண்ணீர் முழுக்க அந்த மரத்தடியில் போய்த் தேங்கியிருந்தது. மண் வெளுத்து, பொருக்குத் தட்டிக் கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவர் செய்த வேலையில் பாதி, அந்தத் தண்ணீருக்கு வேறு பக்கம் வாய்க்கால் வெட்டியதுதான். அப்புறம்தான் ஒரு சாக்கு ஆட்டுப்புழுக்கை வாங்கி வந்து போட்டார். மறுவருஷம் பூ வந்தது.

இலக்கு எழுதும்போதெல்லாம் அந்த வாய்க்கால் ஞாபகம் வரும். நாம் எப்போதும் எதைப் புதிதாகப் போடலாம் என்றே யோசிக்கிறோம். எது வேரில் தேங்கிக் கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையில் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கிறவர், காலை ஐந்து மணி ஜெபத்தை இலக்காக எழுதிப் பிரயோஜனம் இல்லை. கைபேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுப்பது என்று எழுதினால், அது வாய்க்கால் வெட்டுவது.

ஆகவே இலக்கைக் கனியாக எழுதாமல் கொத்துகிற வேலையாக எழுதுங்கள். "பொறுமையுள்ளவளாக இருப்பேன்" என்பது கனி. அது ஆவியானவர் தருவது. "மாமியார் பேசும்போது குறுக்கே பேசாமல் முடியும்வரை கேட்பேன்" என்பது கொத்துகிற வேலை. "என் மகன் இரட்சிக்கப்பட வேண்டும்" என்பது உங்கள் கையில் இல்லை. தினமும் அவன் பேரைச் சொல்லி ஜெபிப்பதும், வாரம் ஒருமுறை புத்திமதி சொல்லாமல் அவனோடு டீ குடிக்கப் போவதும் உங்கள் கையில் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? டைரியைத் திறந்தால் ஒன்றும் தோன்றவில்லை.

பின்னாலிருந்து தொடங்குங்கள். மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி எபெனேசர் என்று பேரிட்டார். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" (1 சாமுவேல் 7:12).

எங்கள் அம்மாவிடம் ஒரு எண்பது பக்க நோட்டு இருந்தது, கோடு போட்டது, அட்டையில் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு வருஷமும் 31-ஆம் தேதி மத்தியானம், பலகாரச் சட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்து அதில் எழுதுவார். "இம்மட்டும்" என்று தலைப்பு. கீழே மாதம் மாதமாக: சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது. ஓடு மாற்றியது. அத்தையோடு பேச ஆரம்பித்தது. அவர் இலக்கு என்று தனியாக ஒன்றும் எழுதியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை எழுதி முடித்தவுடன் அடுத்த வருஷத்துக்கான ஜெபம் தானாக வந்துவிடும். "அத்தையோடு பேச ஆரம்பித்தது" என்று எழுதினவருக்கு, பொங்கலுக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று தோன்றாதா?

எத்தனை இலக்கு வைக்கலாம்?

இரண்டு அல்லது மூன்று. அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் தன் 19 வயதில், 1722-23-இல், 70 தீர்மானங்கள் எழுதினார் என்று ஒரு தம்பி சொன்னார். உண்மைதான். ஆனால் அவற்றுக்குமேல் அவர் எழுதிய முன்னுரையைத்தான் முதலில் படிக்க வேண்டும். தேவனுடைய உதவியில்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒத்துக்கொண்டு, அவருடைய சித்தத்துக்கு ஏற்ற மட்டும் இவற்றைக் கைக்கொள்ளக் கிருபை கேட்கிறார். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்றும் குறித்துக்கொண்டார். 70 வேண்டுமானால் அந்த இரண்டும் கூட வேண்டும்.

ஆவிக்குரிய இலக்கு மட்டும்தான் வைக்க வேண்டுமா? கடன் அடைப்பது, உடம்பைக் குறைப்பது எல்லாம் மாம்சமா?

இயேசு வளர்ந்ததைப் பற்றி லூக்கா 2:52 சொல்லும்போது ஞானம், வளர்த்தி, தேவகிருபை, மனுஷர் தயவு என்று எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறது. சர்க்கரை இருக்கிறவர் தினமும் அரைமணி நேரம் நடப்பது தேவாலயமாகிய சரீரத்தைப் பராமரிப்பதுதான்.

கடன் விஷயத்தை நான் அழுத்தியே சொல்வேன். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" (நீதிமொழிகள் 22:7). நம் சபைக் குடும்பங்களில் எத்தனை பேர் நகைக்கடனையும் கைமாற்றையும் வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ தெரியாமல் வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறார்கள்! இந்த வருஷத்தின் முதல் வேலை, ஒரு வெள்ளைத்தாளில் எல்லாக் கடனையும் எழுதுவது. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. எழுதியதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. அந்தத் தாளை நடுவில் வைத்து ஜெபிப்பது. வட்டி அதிகமானதை முதலில் அடைக்கலாமா, சின்னதை முதலில் முடிக்கலாமா என்பது அடுத்த பேச்சு. மறைத்து வைத்திருக்கும் கடனுக்கு எந்தத் திட்டமும் வேலை செய்யாது. அடுத்தவருடைய விசேஷத்துக்குத் தகுதிக்கு மீறி மொய் எழுதக் கடன் வாங்குவதை நிறுத்துவதும் ஒரு நல்ல இலக்கு.

ஒவ்வொரு வருஷமும் வேதத்தை முழுவதும் வாசிக்கத் தொடங்குகிறேன். லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

நீங்கள் மட்டும் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். வேதத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் தொடங்கும். அங்கிருந்து எண்ணாகமம் முடிய 63 அதிகாரம், ஏறக்குறைய பிப்ரவரி பாதி. புது வருஷ உற்சாகம் வடிகிற நேரமும், பலிகளும் தொகைக்கணக்கும் வருகிற நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

வழிகள் உண்டு. ஸ்காட்லாந்தில் டண்டீ ஊரின் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-இன் கடைசியில் தன் சபைக்கு ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். நாளுக்கு நாலு அதிகாரம், வேதத்தின் நாலு வெவ்வேறு இடங்களிலிருந்து. ஒரு வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டுமுறையும் முடியும். லேவியராகமம் வருகிற அன்றைக்கே வேறு பகுதிகளும் கூட வரும் என்பதால் நடை தளராது. ஆனால் அவரே தன் ஜனங்களை எச்சரித்தார்: இது வெறும் சடங்காகிவிடலாம், வாசித்து முடித்ததே பெருமையாகிவிடலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகிவிடலாம் என்று. அந்த அட்டவணையோடு தொடங்கிய வருஷத்தின் மார்ச் மாதத்திலேயே அவர் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 29. வருஷம் முழுவதற்கும் சபைக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் போனவர் அவர்.

முழு வேதம் பாரமாக இருந்தால் அதை இலக்காக வைக்க வேண்டாம். நாலு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதம். வருஷத்துக்கு நாலு தடவை முடித்துவிடலாம். ஒரு வருஷத்தில் நாலு தடவை இயேசுவின் பின்னாலேயே நடந்தவர் ஒன்றும் குறைந்துவிடமாட்டார். வாசிக்கத் தெரியாத அப்பா அம்மா வீட்டில் இருந்தால் சத்தமாக வாசியுங்கள். அவர்களும் உங்களோடு முடித்திருப்பார்கள்.

31-ஆம் தேதி ராத்திரி எடுக்கிற வாக்குத்தத்த வசனத்தை வைத்து இலக்கு அமைக்கலாமா?

தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிற அந்த நிமிஷம் எனக்கும் பிடிக்கும். எத்தனையோ பீரோக் கண்ணாடிகளில் பழைய அட்டைகள் வரிசையாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொரேவியரும் 1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டார்கள். 1731 முதல் அது வருஷந்தோறும் புத்தகமாக அச்சாகிறது. இந்த வழக்கத்தில் தவறில்லை.

தவறு எங்கே வருகிறது என்றால், அட்டையில் இருக்கிற ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும்போது. வாலிபர் கூடுகைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சகோதரருக்கு ஒரு வருஷம் "நீயோ கடன் வாங்காதிருப்பாய்" என்று வந்தது. உபாகமம் 28:12. கடையில் பெரிதாக எழுதி மாட்டினார். கணக்கு நோட்டைத் திறக்கவேயில்லை. அந்த அதிகாரம் கர்த்தருடைய சத்தத்துக்குச் செவிகொடுப்பதைப் பற்றித் தொடங்குகிறது என்பதை அடுத்த டிசம்பரில்தான் இரண்டுபேரும் உட்கார்ந்து வாசித்தோம். முன்பே அவரோடு உட்கார்ந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

எரேமியா 29:11-உம் அப்படித்தான். "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று அட்டையில் வரும். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதின நிருபம் அது. அதே நிருபத்தில் கர்த்தர் அவர்களுக்குச் சொன்ன வேலைகளைப் பாருங்கள்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் சிறைபட்டுப்போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள். வாக்குத்தத்தம் 70 வருஷம் தள்ளி இருக்கிறது. இந்த வருஷத்துக்கான வேலை தோட்டம் போடுவது. அட்டையை எடுத்தால் அந்த அதிகாரம் முழுவதையும் ஜனவரி முதல் வாரத்தில் மூன்று தடவை வாசியுங்கள். உங்கள் இலக்கு பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

தீர்மானமும் பொருத்தனையும் ஒன்றா?

இல்லை. பொருத்தனை தேவனுக்குக் கொடுத்த வாக்கு. "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" (பிரசங்கி 5:5). நள்ளிரவில் பாட்டும் கண்ணீருமாக இருக்கும்போது கையைத் தூக்கிப் பெரிய வாக்குகள் கொடுக்காதீர்கள். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான், ஆனால் வாக்கு காலையில் எழுந்தபின்னும் இருக்கும். இலக்கை ஜெபமாகவே வையுங்கள்: "ஆண்டவரே, இதைச் செய்ய விரும்புகிறேன், பெலன் தாரும்." ஏற்கெனவே செய்து செலுத்தாத பொருத்தனை இருந்தால், புதிதாக எதையும் எழுதுமுன் இந்த ஜனவரியில் அதைச் செலுத்திவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு மார்க் இலக்கு வைக்கலாமா?

படிக்கிற நேரத்தை இலக்காக வையுங்கள், மார்க்கை வேண்டாம். ஜெபத்தில் மார்க்கைச் சொல்லிச் சொல்லி, கர்த்தர் என்றாலே பரீட்சை முடிவு சொல்கிறவர் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

பிப்ரவரியிலேயே விட்டுவிட்டேன். மறுபடி தொடங்க வெட்கமாக இருக்கிறது.

புலம்பல் 3:22-23-ஐ நிதானமாக வாசியுங்கள். அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்றுதான் இருக்கிறது. வருஷந்தோறும் என்று இல்லை. பிப்ரவரி 11-ஆம் தேதி காலைக்கும் ஜனவரி 1-ஆம் தேதி காலைக்கும் அவரிடத்தில் வித்தியாசம் கிடையாது. விட்டுப்போன பத்து நாள் வாசிப்பை ஒரே ராத்திரியில் வாசித்துச் சமன்செய்யப் பார்க்காதீர்கள். அது கடன் அல்ல. இன்றைய பகுதியைத் திறங்கள்.

இன்னொன்று, யாரிடமாவது சொல்லுங்கள். "ஒருவன் விழுந்தால் அவன் உடனாளி அவனைத் தூக்கிவிடுவான்" (பிரசங்கி 4:10). சபைக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். ஒரே ஒருவர். சனிக்கிழமை சாயங்காலம் "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று போன் போட்டுக் கேட்கிற அக்காவோ அண்ணனோ ஒருவர் இருந்தால் போதும்.

உண்மையாக உழைத்தும் நடக்கவில்லை. தேவசித்தம் இல்லை என்று விட்டுவிடலாமா, இன்னும் முயல வேண்டுமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது, இருப்பதாகச் சொல்லவும் மாட்டேன். பவுல் ஆசியாவுக்குப் போக நினைத்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் தடை. அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை, துரோவா வரைக்கும் நடந்தார். அங்கேதான் மக்கெதோனியா தரிசனம் வந்தது (அப்போஸ்தலர் 16). ஸ்பானியாவுக்குப் போகும் வழியில் ரோமாபுரிக்கு வருவேன் என்று எழுதினார் (ரோமர் 15:24). ரோமாபுரிக்கு வந்தார், ஆனால் கைதியாக.

நம் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷ்காரர் கையில் இருந்த அந்த ஊருக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்திறங்கினார். 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். தொடங்கிக் கொஞ்ச நாளில் டேனிஷ் தளபதி அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்துவிட்டார். நாலு மாதம் சிறை. வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711-இல் முடித்தார். 1715-க்குள் அச்சும் ஆகிவிட்டது. அப்புறம் பழைய ஏற்பாட்டை ஆரம்பித்தார். ரூத் புஸ்தகம் வரைக்கும் வந்தார். 1719-இல் இறந்துபோனார், 36 வயது. மீதியை முடித்தவர் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே.

முதல் தடை வந்தபோது அவர் காத்திருந்து தொடர்ந்தார். இரண்டாவது தடை மரணம். வேலை இன்னொருவர் கைக்குப் போனது. நம் இலக்குகளில் சில அப்படி ரூத்தோடு நிற்கும். நீங்கள் தொடங்கிய ஞாயிறு பள்ளியை வேறொருவர் நடத்துவார். அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். ஒரு வழி அடைத்தால் ஜெபியுங்கள், மூத்த விசுவாசி ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள், துரோவா வரைக்குமாவது நடங்கள்.

இந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு. இலக்கு, தீர்மானம் எதற்கும் மனசே இல்லை. விழிப்பு ஆராதனைக்குப் போகவும் பிடிக்கவில்லை.

அப்படியானால் எதுவும் எழுதாதீர்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சொன்ன எலியாவிடம் தேவதூதன் திட்டம் எதையும் நீட்டவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பினான், மறுபடியும் சாப்பாடு (1 இராஜாக்கள் 19:5-8). ஓரேப் மலைக்குப் போகிற நடை அதற்கப்புறம்தான்.

ஆராதனைக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் இருங்கள். பன்னிரண்டு மணிக்கு மணியடிப்பது கேட்கும். உங்களுக்காக அங்கே யாராவது ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். இதை வாசிக்கிற மற்றவர்களில் யாருக்காவது உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு தெரிந்திருந்தால், ஒன்றாம் தேதி காலையில் பலகாரத் தட்டோடு அங்கே போங்கள். பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். துக்கவீட்டில் காலைச் சாப்பாட்டை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள்.